அப்பத்தா திரும்பக் கேட்ட டோக்கன்



போன வாரம் தூக்குச்சட்டியைப் பற்றிப் பேசினோம். இந்த வாரம் கொஞ்சம் ஆழமாக இறங்கலாம். நிஜமாகவே ஆழம்தான். தரைக்கு அடியில் ஓடும் ரயிலும், அதில் நாம் தொலைத்த பழைய சங்கதிகளும்தான் இன்றைய மேட்டர்.

"காரியாபட்டிக்காரனுக்கு மெட்ரோவைப் பத்தி என்ன தெரியும்?" என்று எங்க ஊர் டீக்கடையில் கேட்பார்கள். கேட்பது நியாயம்தான். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் போகிற நான்குவழிச் சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். பஸ்ஸுக்குக் குறைவில்லை, ஆனால் ஊருக்குள் ரயில் கிடையாது. ரயில் ஏற வேண்டுமென்றால் அதற்கு முதலில் அருப்புக்கோட்டைக்கோ மதுரைக்கோ பஸ் ஏற வேண்டும். பூமிக்கு அடியில் எங்களுக்குத் தெரிந்த ஒரே சமாசாரம் கிணறு. அதுவும் பல வருஷம் தண்ணீரைவிட வெயிலே அதிகமாக இறங்குகிற கிணறு.

அதனால்தான் 2019 கோடையில் அப்பத்தாவை முதன்முதலாகச் சுரங்க ரயிலுக்குக் கூட்டிப்போனது, எங்கள் வீட்டில் இன்றும் பேசப்படும் கதையாக இருக்கிறது.

"ஏய்யா, வில்லை வரலையே?"

அப்போது நான் பிளஸ் டூ முடித்திருந்தேன். ஷெனாய் நகரில் இருக்கும் அத்தை வீட்டுக்கு அப்பத்தாவைக் கொண்டுபோய் விடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அருப்புக்கோட்டையில் சிலம்பு எக்ஸ்பிரஸ் ஏறி, காலையில் எழும்பூரில் இறங்கினோம். ஆட்டோக்காரர் சொன்ன ரேட்டைக் கேட்டதும், மெட்ரோவில் போய்விடலாம் என்று முடிவெடுத்தேன்.

நகரும் படிக்கட்டைப் பார்த்ததும் அப்பத்தா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டது. "கிணத்துல இறங்குற மாதிரில்ல இருக்கு" என்று சொல்லிக்கொண்டே என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கியது. கவுன்ட்டரில் காசு கொடுத்து இரண்டு டோக்கன் வாங்கி, ஒன்றை அதன் கையில் கொடுத்தேன். வட்டமான பிளாஸ்டிக் வில்லை. கேட்டின் மேல் வைத்துக் காட்டியதும் வழி திறந்தது. அப்பத்தாவுக்கு அவ்வளவு சந்தோஷம்! பல வீடுகளில் வாசலில் காத்து நின்று பழகிய மனுஷி அது. தான் கையை நீட்டியதும் ஒரு கதவு திறப்பதை அன்றுதான் பார்த்தது.

ரயில் ஓடிய நேரம் முழுக்க அந்த வில்லையை உள்ளங்கையில் மூடியே வைத்திருந்தது. ஷெனாய் நகரில் வெளியே வரும்போதுதான் வினை. வெளியேறும் கேட்டில் டோக்கனைத் துளைக்குள் போட வேண்டும். போட்டது. கேட் திறந்தது. அப்பத்தா மட்டும் நகரவில்லை. துளையையே பார்த்துக்கொண்டு நின்றது.

"ஏய்யா, வில்லை வரலையே?"

"வராது அப்பத்தா. மிஷினே எடுத்துக்கிரும்."

"காசு குடுத்துத்தான வாங்குனோம்? ஊருல போயி நாலு பேருகிட்ட காட்டலாம்னு வச்சிருந்தேன்..."

பின்னால் வரிசை நீண்டுவிட்டது. காவலர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "பாட்டி, அதை அடுத்த ஆளுக்குக் கொடுப்பாங்க" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். அந்த வில்லைக்குள் சின்னதாக ஒரு சிப் இருக்கும். எங்கே ஏறினோம், எவ்வளவு கட்டினோம் என்ற கணக்கெல்லாம் அதில் பதிவாகும். வெளியே வந்ததும் கேட் அதை எடுத்துக்கொள்ளும். பழைய கணக்கை அழித்துவிட்டுப் புதுக் கணக்கு எழுதி, வேறு ஒருவர் கையில் கொடுப்பார்கள். படி ஏறும்போது இதை அப்பத்தாவிடம் விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப எனக்கு முன்னால எத்தன பேரு கையில இருந்துச்சோ" என்றது. அதன் பிறகு கோபம் போய்விட்டது. ஆனால் ஆசை போகவில்லை.

பத்து வருஷத்துக்குள் பழசாகிவிட்டது

சென்னை மெட்ரோவுக்கு அப்படி ஒன்றும் வயதாகிவிடவில்லை. 2015 ஜூன் 29-ல் ஆலந்தூர் – கோயம்பேடு பாதை திறந்தார்கள். அது தூண்களின் மேல் ஓடும் பாதை. 2017 மே 14-ல் திருமங்கலம் – நேரு பூங்கா பாதை வந்தபோதுதான் சென்னைக்காரர்கள் முதன்முதலாகச் சுரங்கத்துக்குள் பயணம் செய்தார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் அது எழும்பூர் வழியாக சென்ட்ரலைத் தொட்டது. அதாவது, என் வயதுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது வந்த ரயில் இது.

அதற்குள் இதிலும் 'அந்தக் காலத்துல' என்று பேச ஆரம்பித்துவிட்டோம். டோக்கன் வில்லை போய், கவுன்ட்டரில் க்யூஆர் அச்சிட்ட காகிதச் சீட்டு வந்துவிட்டது. 2023-ல் வாட்ஸ்அப்பிலேயே டிக்கெட் எடுக்கலாம் என்றார்கள். அதே ஆண்டு 'சிங்காரச் சென்னை' கார்டு வந்தது. முதலிலிருந்து பலர் பர்ஸில் வைத்திருந்த பழைய பயண அட்டைக்கு இனி ரீசார்ஜ் கிடையாது என்று 2025-ல் சொன்னார்கள். கல்லூரி நாட்களில் தினமும் தேய்த்த அந்த அட்டையைத் தூக்கிப்போட மனமில்லாமல் வைத்திருக்கும் நண்பர்கள் எனக்கே இருக்கிறார்கள். காசு தீர்ந்த அட்டையை ஏன்டா வச்சிருக்க என்று கேட்டால், பதில் வராது. சிரிப்புதான் வரும்.

சரி, பத்து வருஷ ரயிலுக்கே இப்படியென்றால், நாற்பது வருஷ ரயிலுக்கு எப்படி இருக்கும்? அதற்கு நாம் கொல்கத்தாவுக்குப் போக வேண்டும்.

பெரம்பூரில் பிறந்து கொல்கத்தாவில் ஓய்வு பெற்ற ரயில்

இந்தியாவின் முதல் சுரங்க ரயில் கொல்கத்தாவில்தான் ஓடியது. 1972 கடைசியில் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். நடு ஊரில் சாலையைத் தோண்டி, பெட்டி மாதிரி சுரங்கம் கட்டி, மேலே மூடி மறுபடி சாலை போடும் முறையில் வேலை நடந்தது. வருஷக்கணக்கில் ஊரே பள்ளமும் மண்மேடுமாகக் கிடந்தது. 12 ஆண்டுகள் கழித்து, 1984 அக்டோபர் 24-ல் எஸ்பிளனேடிலிருந்து பவானிபூர் வரை முதல் ரயில் ஓடியது. தூரம் 3.4 கிலோமீட்டர், ஐந்தே ஐந்து நிலையங்கள். நம் காரியாபட்டியில் ஊருக்கு வெளியே இருக்கும் காட்டுக்கு நடந்து போய்விடும் தூரம்தான். ஆனால் நாடே வாயைப் பிளந்து பார்த்தது.

இதில் நமக்கு ஒரு பெருமை இருக்கிறது. அந்த ரயில் பெட்டிகள் செய்யப்பட்டது நம் சென்னை பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில்! சென்னைக்குச் சுரங்க ரயில் வருவதற்கு 33 ஆண்டுகள் முன்பே, சென்னைத் தொழிலாளர்கள் செய்த பெட்டிகள் கொல்கத்தா மண்ணுக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தன. தங்கள் ஊரில் இல்லாத ஒரு ரயிலை வேறு ஊருக்குச் செய்து அனுப்பிய கைகள் அவை.

அந்தப் பெட்டிகளில் ஏ.சி. கிடையாது. மின்விசிறிதான். சுரங்கக் காற்றும் தண்டவாளச் சத்தமும் சேர்ந்தே உள்ளே வரும். பக்கத்தில் இருப்பவரிடம் பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். பின்புறம் காந்தப் பட்டை ஒட்டிய காகித டிக்கெட்டை கேட்டில் செருகிப் போவார்கள். 2010-ல் ஏ.சி. பெட்டிகள் வந்தன. 2011-ல் காகித டிக்கெட் போய் டோக்கன் வந்தது. ஆம், சென்னையில் நாம் இழந்ததாக வருத்தப்படும் டோக்கன், கொல்கத்தாக்காரர்களுக்குப் பழைய டிக்கெட்டைத் துரத்திய புது ஆள். இங்கே ஹீரோ, அங்கே வில்லன்!

ஏ.சி. இல்லாத அந்தப் பழைய ரயில்களுக்கு 2021 அக்டோபர் 24-ல் விடை கொடுத்தார்கள். தேதியைக் கவனித்தீர்களா? முதல் ரயில் ஓடிய அதே நாள், 37-வது பிறந்த நாள். இரைச்சல், புழுக்கம் என்று வருஷக்கணக்கில் அலுத்துக்கொண்ட ஊர், கடைசி நாளில் அதே ரயிலைப் படம் எடுத்துக்கொள்ளத் திரண்டது. டெஸ்க்கில் உட்கார்ந்து அந்தப் பழைய செய்திகளைப் படித்தபோது, ஊரில் மாமியார் இறந்த வீட்டில் மருமகள் அழுவதுதான் ஞாபகத்துக்கு வந்தது. நாற்பது வருஷச் சண்டையும் உறவுதானே!

எல்லாப் பழசும் பொன் இல்லை

இந்த இடத்தில் ஒரு உண்மையையும் பேசிவிட வேண்டும். பழசு என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது.

உலகின் முதல் சுரங்க ரயில் லண்டனில் 1863 ஜனவரி 10-ல் ஓடியது. ஓடியது எதில் தெரியுமா? நீராவி எஞ்சினில். சுரங்கத்துக்குள் கரிப்புகை! அந்தக் காலத்து லண்டன்வாசிகள் இருமிக்கொண்டேதான் வேலைக்குப் போனார்கள். அங்கே சுரங்க ரயிலுக்குள் புகைபிடிக்கத் தடை வந்ததே 1984-ல்தான்.

மரத்தால் ஆன நகரும் படிக்கட்டுகளும் அங்கே இருந்தன. படத்தில் பார்த்தால் அவ்வளவு அழகு. 1987 நவம்பர் 18-ல் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில், எரிந்த தீக்குச்சி ஒன்று அப்படிப்பட்ட மரப் படிக்கட்டின் இடுக்கில் விழுந்தது. அடியில் சேர்ந்திருந்த குப்பையும் மசகும் பற்றிக்கொண்டன. 31 பேர் இறந்துபோனார்கள். அதன் பிறகே மரப் படிகளை மாற்றும் வேலை தீவிரமானது. அந்தப் படிக்கட்டைப் பார்த்து 'ஆஹா, அந்தக் காலம்' என்று ஏங்க முடியுமா?

நம் சென்னையிலும் ஒன்று போனது. மெட்ரோ தொடங்கியபோது அதில் 'சிறப்பு வகுப்பு' என்று ஒரு பகுதி இருந்தது. கட்டணம் இரண்டு மடங்கு. பத்து நிமிஷத்தில் இறங்கப் போகிற ரயிலில் எதற்கு இந்தத் தனிப் பந்தி என்று பலரும் கேட்டார்கள். 2020-ல் அதைப் பெண்களுக்கான பகுதியாக மாற்றிவிட்டார்கள். அந்தச் சிறப்பு வகுப்புக்காக யாரும் கண்ணீர்விட்டு நான் பார்க்கவில்லை.

ஆக, பழசில் போக வேண்டியதும் இருக்கிறது, இருக்க வேண்டியதும் இருக்கிறது. எதை எதில் சேர்ப்பது?

ஒரு குரலுக்காக நடந்தவர்

இதற்கும் லண்டனிலேயே ஒரு கதை இருக்கிறது. சுரங்க ரயிலுக்கும் பிளாட்பாரத்துக்கும் இடையில் சந்து இருக்கும் நிலையங்களில், 'மைண்ட் த கேப்' என்று ஒரு அறிவிப்பு வரும். ஆஸ்வால்ட் லாரன்ஸ் என்ற நடிகர் 1960-களின் கடைசியில் பதிவு செய்து கொடுத்த குரல் ஒன்று பல நிலையங்களில் ஒலித்தது. 2007-ல் அவர் இறந்தார். டாக்டரான அவர் மனைவி, எம்பேங்க்மென்ட் நிலையத்துக்குப் போய், ரயில் வந்தாலும் ஏறாமல் உட்கார்ந்து, கணவரின் குரலைக் கேட்டுவிட்டு வருவாராம்.

2012 கடைசியில் ஒருநாள் போனால், வேறு குரல். புது ஒலிபெருக்கி அமைப்பு வந்துவிட்டது. அவர் நிர்வாகத்திடம், அந்தப் பதிவின் பிரதி கிடைக்குமா என்று கேட்டார். விஷயம் தெரிந்ததும் ஊழியர்கள் பழைய நாடாக்களைத் தேடி, அவருக்குப் பிரதி கொடுத்தார்கள். அத்தோடு விடவில்லை. 2013-ல் அந்த ஒரு பிளாட்பாரத்தில் மட்டும் பழைய குரலையே மீண்டும் ஒலிக்க வைத்தார்கள்.

புது அமைப்பை யாரும் நிறுத்தவில்லை. மற்ற நிலையங்களில் புதுக் குரல்தான். ஆனால் ஒரு மனுஷிக்காக ஓரிடத்தில் இடம் விட்டார்கள். புதுசு வரும்போது செய்ய வேண்டியது இவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றும். யாராவது வெளியே நிற்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பது.

இப்படி எழுதுகிற நான் திரும்பிப் பார்த்தேனா? அதைச் சொல்லத்தான் இந்த வாரம் இவ்வளவு சுற்றி வந்தேன்.

"அப்ப நீ இல்லாட்டி?"

போன வருஷம் அப்பத்தாவை மறுபடி ஷெனாய் நகருக்குக் கூட்டிப்போனேன். இப்போது நான் ஸ்மார்ட்போன் தலைமுறை நிருபர் ஆயிற்றே! எழும்பூர் நிலையத்துக்குள் நுழையும் முன்பே இரண்டு பேருக்கும் போனில் டிக்கெட் எடுத்துவிட்டேன். வரிசை இல்லை, சில்லறைப் பிரச்சினை இல்லை, கட்டணத்தில் சலுகையும் உண்டு. பெருமையாகத்தான் இருந்தது.

கேட்டுக்கு முன்னால் வந்ததும் அப்பத்தா கையை நீட்டியது. நான் என்னவோ என்று பார்த்தேன்.

"என் வில்லைய குடுய்யா."

"இப்ப வில்லை இல்ல அப்பத்தா. எல்லாம் போன்லயே இருக்கு. நீ முன்னால போ, நான் காட்டுறேன்."

நான் போனைக் காட்டினேன். கேட் திறந்தது. அப்பத்தா போனது. அடுத்து எனக்கும் காட்டிவிட்டு உள்ளே போனேன். ரயிலில் எதுவும் பேசவில்லை. இரண்டு நிலையம் தாண்டியதும் மெதுவாகக் கேட்டது.

"அப்ப நீ இல்லாட்டி நான் இந்த வண்டியில வர முடியாதா?"

எனக்குப் பதில் வரவில்லை. குற்றம் சொல்கிற குரலில் அது கேட்கவில்லை. மழை வருமா என்று கேட்பதுபோலச் சாதாரணமாகத்தான் கேட்டது. ஆனால் அந்தக் கேள்வி என் தொண்டையில் நின்றுவிட்டது.

அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தாத்தா போன பிறகு இருபது வருஷமாகத் தனியாகவே அருப்புக்கோட்டைச் சந்தைக்கும், திருச்சுழிக் கோயிலுக்கும், மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கும் போய் வருகிற ஆள். பஸ்ஸில் ஊர்ப் பேரைச் சொல்லும், சுருக்குப்பையை அவிழ்த்துக் காசை எண்ணிக் கொடுக்கும், டிக்கெட்டை வாங்கி விரலுக்கு இடையில் செருகிக்கொள்ளும். வாயும் காசும் இருந்தால் போதும், எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்பதுதான் அது படித்த படிப்பு. முதல் தடவை சுரங்க ரயிலிலும் அதே படிப்பு செல்லுபடியானது. அந்த வில்லை அதன் கையில் இருந்தவரை, பயணம் அதனுடையது. என் போனுக்குள் போனதும், அது என் சாமான்களில் ஒன்றாகிவிட்டது.

இதில் மெட்ரோவைக் குறை சொல்ல எதுவும் இல்லை. கவுன்ட்டர் அங்கேதான் இருந்தது. ஆள் உட்கார்ந்திருந்தார். நான்தான் அவசரத்தில் அப்பத்தாவை அதன் பக்கமே கூட்டிப்போகவில்லை. வசதி என்று நான் நினைத்தது என் வசதியை மட்டும்தான்.

வெள்ளைக் காகிதம்

திரும்பி வரும் நாளில் ஷெனாய் நகர் நிலையத்தில், "நீயே போய்க் கேட்டு வாங்கு அப்பத்தா" என்று சொல்லிவிட்டு ஓரமாக நின்றேன்.

அது முந்தானையைச் சரிசெய்துகொண்டு கவுன்ட்டருக்குப் போனது. "எக்மோருக்கு ரெண்டு குடுப்பா. எனக்கு ஒண்ணு, எம் பேரனுக்கு ஒண்ணு" என்றது. காசை எண்ணிக் கொடுத்தது. அச்சடித்த காகிதச் சீட்டுகளை வாங்கிக்கொண்டு வந்து, ஒன்றை என்னிடம் நீட்டியது. அன்றைக்கு நான்தான் அதன் பின்னால் போனேன். எழும்பூரில் வெளியே வரும்போது சீட்டைக் காட்டியதும் கேட் திறந்தது. இந்தத் தடவை துளை இல்லை. சீட்டு கையிலேயே இருந்தது.

"இத முழுங்கலையா?"

"இல்ல. இது உனக்குத்தான்."

முகத்தைப் பார்க்க வேண்டுமே! சீட்டை நாலாக மடித்துச் சுருக்குப்பையில் வெற்றிலையோடு வைத்துக்கொண்டது. ஊருக்கு வந்ததும் பக்கத்து வீட்டு மதினியில் ஆரம்பித்து, தெருவில் ஒருவர் விடாமல் காட்டியாகிவிட்டது.

சில மாதம் கழித்துப் பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, "அந்தச் சீட்டு இருக்கா அப்பத்தா?" என்று கேட்டேன். எடுத்து நீட்டியது. வாங்கிப் பார்த்தால் வெற்றுக் காகிதம். சூட்டில் அச்சாகும் காகிதம் அது. வெயிலும் வெக்கையும் பட்டால் எழுத்து மறைந்துவிடும். எங்க ஊர் வெயிலுக்குக் கேட்கவா வேண்டும்?

எனக்குத்தான் மனசு கஷ்டமாகிவிட்டது. "எழுத்தெல்லாம் அழிஞ்சிருச்சே அப்பத்தா" என்றேன்.

"அழிஞ்சா எனக்கென்னய்யா? இருந்தப்ப மட்டும் நான் வாசிச்சேனாக்கும்!" என்று சொல்லிவிட்டு, அதை வாங்கி மறுபடி நாலாக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டது.

மக்களே, உங்கள் வீட்டிலும் ஒரு அப்பத்தாவோ தாத்தாவோ இருப்பார்கள். அடுத்த தடவை அவர்களோடு மெட்ரோவுக்கோ ரயிலுக்கோ போகும்போது, போனைக் கொஞ்ச நேரம் பைக்குள் வையுங்கள். கவுன்ட்டரில் அவர்களே கேட்டு வாங்கட்டும். ஐந்து நிமிஷம் தாமதமாகும். ஆகட்டும், அடுத்த ரயில் வரத்தானே போகிறது?

அடுத்த வாரம் சந்திப்போம்.